பழைய வண்டியா, புதிய வண்டியா?
சரக்கு வண்டி மாற்ற எண்ணுவோர் ஆராய வேண்டியவை

விளைந்த பொருள் களத்தில் கிடக்கும்வரை அது பாதி வருமானமே. உரிய நேரத்தில் சந்தையைச் சென்றடைந்த பின்னரே முழு வருமானமாகிறது. இவ்வுண்மையைத் தருமபுரி மாவட்டம் கடத்தூர் வட்டார விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வூரில் கூடும் வெற்றிலைச் சந்தைக்கு வரும் கவுளிகள் ஒரு நாள் தாமதித்தாலும் வாடி விலை குன்றிவிடும். தக்காளியும் பூவும் அத்தகையனவே. மரவள்ளிக் கிழங்கும் பிடுங்கிய சில நாட்களுக்குள் ஆலையை அடைதல் வேண்டும். புட்டிரெட்டிப்பட்டி, பொம்மிடி, மொரப்பூர் ஆகிய இரயில் நிலையங்கள் அருகில் இருப்பினும், தோட்டத்திலிருந்து சந்தை வரையுள்ள வழியை இன்று நிரப்புவது சிறிய சரக்கு வண்டியே ஆகும்.

முன்னாளில் மாட்டு வண்டி செய்த இப்பணியை, சென்ற இருபதாண்டுகளில் பிக்கப் வண்டிகள் ஏற்றுக்கொண்டன. மக்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் டாட்டா ஏஸ் 2005-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் அண்டை மாவட்டத்து ஒசூர்த் தொழிற்சாலையில் உருவாகும் அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-இல் விற்பனைக்கு வந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப்பும் கிராமச் சாலைகளில் நிலைபெற்றுவிட்டது. அக்காலத்தில் வாங்கப்பெற்ற வண்டிகள் இப்பொழுது பன்னிரண்டு, பதினைந்து வயதை எட்டிவிட்டன. ஆகவே, "பழைய வண்டியைக் கொடுத்துப் புதிய மாதிரியை வாங்குவதா, அல்லது செப்பனிட்டு ஓட்டுவதா?" என்னும் கேள்வி பல இல்லங்களில் எழுந்துள்ளது. அதற்கு விடை காணும் முறையை ஈண்டு விளக்குவோம்.

இரு கேள்விகள்

ஒன்றுபோல் தோன்றும் இக்கேள்வி உண்மையில் இரண்டாகும். புதிய வண்டி பழையதைவிட மொத்தத்தில் ஆதாயமானதா என்பது முதலாவது. ஆதாயமானதே என்றாலும், அதன் மாதத் தவணையை வருவாயற்ற மாதங்களிலும் நம்மால் தாங்க முடியுமா என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான நஷ்டங்களுக்குக் காரணம். ஆதாயமான வண்டியை வாங்கியும் தவணை கட்ட இயலாமல் அதனை இழந்தவர்கள் உண்டு. தவணையைத் தாங்கும் சக்தி இருந்தும், பழைய வண்டிக்கே பணத்தைக் கொட்டி வந்தவர்களும் உண்டு.

வண்டியின் வயதோ, அண்டை வீட்டாரின் புதிய வண்டியோ, விற்பனை நிலையத்தார் அறிவிக்கும் சலுகையோ விடை தருவதில்லை. வண்டி மாதத்திற்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எத்தனை நாட்கள் ஓடாமல் நிற்கிறது என்னும் இரண்டுமே விடை தருவன. இவற்றை அறிய ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். ஆறு மாத காலம், ஓடிய தூரம், ஊற்றிய டீசல், ரிப்பேர்ச் செலவு, நின்ற நாட்கள், பெற்ற வாடகை ஆகிய ஐந்தையும் நாள்தோறும் குறித்து வருதல் வேண்டும். சொந்த விளைபொருளை ஏற்றிச் சென்றாலும், வெளி வண்டிக்குக் கொடுத்திருக்க வேண்டிய வாடகையை வரவாக எழுதுக.

ஓர் உதாரணக் கணக்கு

கணக்கு முறையை விளக்குவதற்காக மட்டும் சில தொகைகளை அமைத்துக்கொள்வோம். வாசகர் தம் சொந்தத் தொகைகளை அவற்றின் இடத்தில் இட்டுப் பார்த்தல் வேண்டும்.

பழைய வண்டியின் இன்றைய விலை 2,50,000 ரூபாய். புதிய வண்டி எல்லாச் செலவும் உட்பட 9,50,000 ரூபாய். எஞ்சிய 7,00,000 ரூபாய்க்கு 10 விழுக்காடு குறையும் இருப்பு வட்டியில் ஐந்தாண்டுக் கடன் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 14,870 ரூபாய் ஆகும். அறுபது தவணைகளில் கட்டும் மொத்தம் சுமார் 8,92,000 ரூபாய்.

வண்டி மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். பழையது லிட்டருக்கு 12 கிலோமீட்டரும் புதியது 14 கிலோமீட்டரும் தருமாயின், மாதம் ஏறத்தாழ 24 லிட்டர் மிச்சமாகும். லிட்டர் 90 ரூபாய் என்றால் இது சுமார் 2,140 ரூபாய். பழைய வண்டியின் ரிப்பேர் மாதம் 6,000 ரூபாயாக இருந்து, புதியதற்கு 1,500 ரூபாயே ஆனால் மிச்சம் 4,500. பழையது மாதம் இரண்டு நாட்கள் பணிமனையில் நிற்பதால் இழக்கும் வருவாய் 3,000 ரூபாய். புதியதற்கு இன்சூரன்ஸ் கூடுதலாக மாதம் 1,000 ரூபாய் ஆகும். ஆகவே புதிய வண்டியால் மாதந்தோறும் கிட்டும் நிகர அனுகூலம் 8,640 ரூபாய்.

இனி, செலவைக் காண்போம். ஐந்தாண்டு முடிவில் புதிய வண்டி 4,50,000 ரூபாய்க்கும், பழையதை வைத்திருந்தால் அது 1,00,000 ரூபாய்க்கும் விலை போகும் எனக் கொள்வோம். புதியதற்காக நாம் கொடுப்பது தவணைகள் 8,92,000 ரூபாயும் பழைய வண்டி 2,50,000 ரூபாயும் ஆகும். முடிவில் மீள்வது 4,50,000. எஞ்சும் சுமை 6,92,000 ரூபாய். பழையதை வைத்துக்கொண்டாலும் அதன் விலையில் 1,50,000 ரூபாய் தேய்ந்திருக்கும். அதனைக் கழித்தால், மாற்றியதனால் நேரும் கூடுதற் சுமை 5,42,000 ரூபாய். அதாவது மாதம் ஏறத்தாழ 9,030 ரூபாய்.

8,640 ரூபாய் அனுகூலம், 9,030 ரூபாய்ச் சுமை. முதற் கேள்விக்கு விடை ஏறக்குறையச் சமம் என்பதாகும். ஆனால் இரண்டாவது கேள்விக்கு விடை வேறு. கையிலிருந்து மாதந்தோறும் போவது 14,870 ரூபாய், மிச்சமாவது 8,640. எனவே 6,230 ரூபாயை வேறு வருமானத்திலிருந்து, அறுபது மாதங்கள் தொடர்ந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இதே வண்டி மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடுமாயின் நிலைமை மாறும். டீசலில் சுமார் 4,280 ரூபாயும், ரிப்பேரில் 7,000 ரூபாயும், நான்கு நாட்கள் நிற்பது தவிர்வதால் 6,000 ரூபாயும் மிச்சமாகுமாயின், இன்சூரன்ஸ் கழித்து அனுகூலம் 16,000 ரூபாயைத் தாண்டும். வண்டி தன் தவணையைத் தானே கட்டிவிடும். மாறாக, மாதம் 800 கிலோமீட்டரே ஓடும் வண்டியில் டீசல் மிச்சம் 860 ரூபாய்க்கு மேற்படாது. ரிப்பேரும் நின்ற நாட்களும் சேர்ந்தாலும் 3,000 ரூபாய் தேறுவது அரிது. அத்தகையோர் புதிய வண்டி வாங்குவது வசதிக்காக இருக்கலாம்; ஆதாயத்திற்காக இராது.

ஈண்டு ஒரு பொதுத் தவற்றைச் சுட்டுதல் அவசியம். "சென்ற வருஷந்தான் என்ஜினுக்கு அறுபதாயிரம் செலவிட்டேன், இப்பொழுது எப்படி விற்பது?" என்பார் சிலர். செலவான பணம் செலவானதே. இனி வரப்போகும் செலவு எவ்வளவு, அதனால் வண்டி இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதே ஆராயத் தக்கது. எதிர்பார்க்கும் பெரிய ரிப்பேர்ச் செலவை அது தரும் ஆண்டுகளால் வகுத்து, மேற்சொன்ன ஆண்டுச் சுமையோடு ஒப்பிட்டால் உண்மை புலனாகும்.

பணத்தால் அளக்க இயலாதது

கணக்கு முழுவதும் பழைய வண்டிக்குச் சாதகமாக இருந்தாலும், ஒரு காரணம் அதனைப் புறந்தள்ளிவிடும், அது பாதுகாப்பு. தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் வண்டிகள் தொப்பூர்க் கணவாயின் நீண்ட இறக்கத்தைக் கடந்தாக வேண்டும். அவ்விறக்கத்தில் நேர்ந்த விபத்துகளை நாம் செய்தித்தாள்களில் அடிக்கடி படித்து வருகிறோம். பாரம் ஏற்றிய வண்டி இறங்குகையில் பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். மலையேறும் கியரிலேயே இறங்குதல் நலம். அடிச்சட்டம் துருப்பிடித்து விரிசல் கண்டிருந்தாலோ, ஸ்டியரிங் ஆட்டம் கொடுத்தாலோ, பலமுறை சரிசெய்தும் பிரேக் ஒரு பக்கம் இழுத்தாலோ, அவ்வண்டியைக் கணக்குப் பார்த்து ஓட்டுதல் தகாது. செம்மையாகச் செப்பனிட முடியுமா என நல்ல மெக்கானிக்கிடம் கேட்டு, இயலாதெனில் சாலையிலிருந்து அகற்றுவதே கடமை.

வண்டி பழையதாயினும் புதியதாயினும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றலாகாது. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மிகை பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. கூலியாட்களைச் சரக்குப் பகுதியில் ஏற்றிச் செல்வதும் விலக்கப்பட்டது. விபத்து நேரின் அவர்களுக்கு இன்சூரன்ஸ் பாதுகாப்பு கிட்டாமற் போகலாம். நஷ்ட ஈடு முழுவதும் வண்டிக்காரர் தலையில் விழும். ஒரே நாளில் நிலத்தையும் இழக்க நேரும்.

வயது ஏற ஏற விதிகள்

சரக்கு வண்டிகளுக்கு எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறுதல் வேண்டும். இதனையே 'எஃப்.சி. காட்டுதல்' என்கிறோம். பதினைந்து வயது கடந்த வண்டிகளுக்குரிய கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் பன்மடங்கு உயர்த்தப்பட்டது. பழைய வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு. எனவே பதினான்கு வயதான வண்டியை வைத்திருப்போர், அடுத்த ஆண்டுகளில் செலுத்த வேண்டியவற்றைத் தருமபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிந்து கணக்கிற் சேர்த்துக்கொள்ளுதல் நலம்.

வண்டியை முற்றிலும் கழிப்பதாயின், பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து ஒப்படைப்புச் சான்றிதழ் பெறலாம். அச்சான்றிதழைக் காட்டி வாங்கும் புதிய சரக்கு வண்டிக்கு 15 விழுக்காடு வரை வாகன வரிச் சலுகை அளிக்க மத்திய விதிகள் இடந்தருகின்றன. வாங்கும் நாளில் எவ்வளவு கிட்டும் என்பதை அலுவலகத்தில் உறுதி செய்துகொள்க.

பெரிய வண்டிக்கு மாற விழைவோர் மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, மேற்பட்டால் தேவை. ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டிகளை இலகு ரக உரிமம் உடையோரே ஓட்டலாம் என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது.

புதிய என்ஜினின் இயல்பு

2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி அமைந்த வண்டிகளே விற்கப்படுகின்றன. இவற்றின் புகை குறைவு. கிராமத்தின் காற்றுக்கும் ஓட்டுபவரின் நுரையீரலுக்கும் அது நன்மையே. ஆயினும் இவற்றின் டீசல் என்ஜின்களில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. வண்டி சிறிது நேரம் நல்ல வேகத்தில் ஓடும்போது அத்துகள்கள் எரிந்து வடிகட்டி தூய்மையாகும். தோட்டத்திற்கும் சந்தைக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அது அடைபடக்கூடும். சில மாதிரிகளில் யூரியாக் கரைசலும் ஊற்றுதல் வேண்டும். இவற்றின் கோளாறுகளைக் கண்டறியக் கணிப்பொறிக் கருவி தேவைப்படுவதால், ஊர் மெக்கானிக்கால் எல்லாவற்றையும் சரிசெய்ய இயலாது. ஆகையால் வாங்குமுன், அம்மாதிரிக்கு உரிய பணிமனை எத்தனை தூரத்தில் உள்ளது என்று விசாரித்தல் இன்றியமையாதது.

கடனில் கவனம்

வட்டி இரு வகையாகச் சொல்லப்படும். குறையும் இருப்பின் மீது கணக்கிடுவது ஒன்று. முதலில் பெற்ற முழுத் தொகையின் மீதே இறுதிவரை கணக்கிடும் 'ஃபிளாட்' வட்டி மற்றொன்று. "ஏழு விழுக்காடுதான்" என்று ஃபிளாட் வட்டியில் 7,00,000 ரூபாய் பெற்றால், ஐந்தாண்டுக்கு வட்டி 2,45,000 ரூபாய். தவணை 15,750 ரூபாய். இது குறையும் இருப்புக் கணக்கில் ஏறத்தாழ பன்னிரண்டரை விழுக்காட்டிற்குச் சமம். நாம் முன்னர் எடுத்துக்கொண்ட பத்து விழுக்காட்டைவிட இதுவே மிகுதி! எனவே விழுக்காட்டைக் கேளாமல், "மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்பதே அறிவுடைமை. மூன்று தவணைக்குரிய தொகையைத் தனியே ஒதுக்கி வைத்த பின்னரே கடனிற் கையொப்பமிடுதல் வேண்டும். மழை பொய்த்தாலும் தவணை நாள் பொய்ப்பதில்லை.

மாற்றிக் கொள்ளும் முறை

சரக்கு வண்டிகளின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரியோடு 128 ரூபாயான பொருள் 118 ரூபாயாகிறது. புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்கும் என்பதை நினைவிற் கொள்க.

விற்பனை நிலையத்தாரிடம் இரண்டு விலைகளைத் தனித்தனியே எழுத்திற் பெறுக. பழைய வண்டி கொடுக்காமல் வாங்கினால் புதியது என்ன விலை? பழையது மட்டும் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வர்? இரண்டையும் கலந்து பேசினால், ஒரு கையால் கொடுக்கும் 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' மறு கையால் எடுக்கப்படுவது நமக்குத் தெரியாமற் போகும். வெளியில் இரண்டு மூன்று பேரிடம் பழைய வண்டிக்கு விலை கேட்டிருத்தலும் வேண்டும். புத்தம் புதியதற்குப் பதிலாக, மூன்று நான்கு ஆண்டு ஓடிய வண்டியை ஆராய்வதும் நன்று. இன்சூரன்ஸ் அளவையில், ஐந்தாண்டு நிறைவதற்குள் வண்டியின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்படுகிறது. அத்தேய்மானத்தின் பெரும்பகுதியை முன் சொந்தக்காரர் ஏற்றுவிட்டார் என்பது வாங்குபவருக்கு அனுகூலம்.

பழைய வண்டியைக் கைமாற்றும்போது, படிவங்களிற் கையொப்பமிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததென எண்ணலாகாது. பதிவில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டிற்குப் பொறுப்பாளி என உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புரைத்தது. தனியாருக்கு விற்றால் 29, 30 ஆம் படிவங்கள் வழியே பெயர் மாற்றம் நிறைவேறியதை நேரிற் கண்டு உறுதி செய்க. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ஒப்படைத்தால், 29-சி படிவத்தின் வழி அதனைப் பதிவு செய்யலாம். அதன்பின் பொறுப்பு அவருடையது. பழைய கடன் முடிந்திருப்பின், கடன் கொடுத்தோரின் தடையின்மைச் சான்றும் 35-ஆம் படிவமும் பெற்று ஆர்.சி. புத்தகத்திலுள்ள கடன் குறிப்பை நீக்குக. இன்சூரன்ஸ் இழப்பீடு கோராததற்குக் கிட்டும் சலுகை வண்டிக்குரியதன்று, உரிமையாளருக்குரியது. அதனைப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பஞ்சாயத்தின் வண்டிகள்

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. தனியார் வண்டி பதினைந்து வயதைக் கடந்தும் தகுதிச் சான்று பெற்று ஓடலாம். ஆனால் மத்திய, மாநில அரசுகளுக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் உரிய வண்டிகள் பதினைந்து ஆண்டு நிறைந்ததும் பதிவை இழக்கும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே குப்பை அள்ளவோ குடிநீர் கொண்டு செல்லவோ பயன்படும் வண்டி என்று பதினைந்தை எட்டும் என்பதை ஒவ்வொரு மன்றமும் இன்றே குறித்து வைத்தல் வேண்டும். அந்நாள் வந்த பின்னர் நிதி தேடினால் இடைக்காலத்தில் தெருவில் குப்பை தேங்கும். மூன்றாண்டு முன்னரே புது வண்டிக்கான கோரிக்கையை எழுப்புவதும், ஓட்டக் குறிப்பேட்டைத் தவறாது எழுதி வைத்து அக்கோரிக்கைக்கு ஆதாரமாகக் காட்டுவதும் முறையாகும்.

தனித்தனியே வாங்கும் சக்தியற்ற சிறு விவசாயிகள், உழவர் உற்பத்தியாளர் குழுவாக ஒரே வண்டியை அமர்த்திக்கொள்ளலாம். மாதம் 800 கிலோமீட்டர் தேவையுள்ள ஐவர் சேர்ந்தால் 4,000 கிலோமீட்டர் ஆகிறது. தனியே ஒருவருக்கு நஷ்டமாகும் வண்டி, ஐவருக்கும் பொதுவானால் தன் தவணையைத் தானே ஈட்டும் என்பதை மேற்கண்ட கணக்கே காட்டுகிறது.

முடிவாக, பாதுகாப்பற்ற வண்டியை உடனே மாற்றுக. பாதுகாப்பான வண்டி மிகுதியாக ஓடி, மிகுதியாக நிற்குமாயின் கணக்குப் பார்த்து மாற்றுக. குறைவாக ஓடுமாயின் செப்பனிட்டு வைத்துக்கொண்டு, தவணையாகக் கட்டியிருக்க வேண்டிய தொகையில் ஒரு பகுதியை மாதந்தோறும் கூட்டுறவுச் சங்கத்திலோ அஞ்சலகத்திலோ சேமித்து வருக. பழைய வண்டி ஓய்வு பெறும் நாளில், கடனின்றியோ குறைந்த கடனிலோ புதியது வாங்க அச்சேமிப்பு கைகொடுக்கும்.